படத்தின் இடது ஓரம்

ஆடித் தள்ளுபடி நெரிசலில், தி. நகர் ஜவுளிக்கடையின் மூன்றாவது மாடியில், வேட்டிப் பிரிவுக்கு முன்னால் ஒரு பெண் எதையும் வாங்காமல் கால்மணி நேரமாக நின்றுகொண்டிருந்தாள். கையில் சுருட்டிய தாள் ஒன்று இருந்தது. ரப்பர் பேண்ட் போட்டு, அதன்மேல் பிளாஸ்டிக் பையும் சுற்றியிருந்தாள். துரைராஜ் இரண்டு முறை “என்னம்மா பாக்கணும்” என்று கேட்டுவிட்டார். இரண்டு முறையும் தலையை ஆட்டிவிட்டு, அவர் சட்டையில் குத்தியிருந்த பெயர் அட்டையையே பார்த்தாள். கூட்டம் சற்று விலகியதும் கவுன்ட்டர்மேல் தாளை விரித்து, நான்கு மூலைகளிலும் வேட்டிக்கட்டுகளை எடுத்து வைத்தாள்.

அது காலண்டரின் ஆகஸ்ட் மாதத் தாள். துரைராஜ் உறுப்பினராக இருக்கும் மயிலாப்பூர் புகைப்படக் குழு அந்த ஆண்டு அச்சடித்தது. நீலச் சுவரையொட்டி வாசல்படியில் உட்கார்ந்திருக்கும் ஒரு தாய், ஐந்து வயது மகளின் தலையில் தண்ணீர் ஊற்றுகிறாள். குழந்தை கண்ணை இறுக மூடியிருக்கிறது. தாய் நிமிர்ந்து கேமராவைப் பார்க்கிறாள். கீழே ‘தாய்மை’ என்றும், அதற்கும் கீழே பொடி எழுத்தில் ‘படம்: சு. துரைராஜ்’ என்றும் போட்டிருந்தது. அவர் எடுத்த ஆயிரக்கணக்கான படங்களில் அச்சேறியது அது ஒன்றுதான். படத்தையும் எதிரில் நிற்பவளையும் மாறி மாறிப் பார்த்தார். ஆறு வருடத்தில் கன்னம் ஒட்டியிருந்தது. கண் மட்டும் அதே கண்.

அவள் பெயர் தேவானை. மயிலாப்பூரில் மூன்று வீடுகளில் வேலை பார்க்கிறாள். ஒன்றாம் தேதி காலையில் ஒரு வீட்டு ஹாலைப் பெருக்கிக்கொண்டிருந்தபோது, அந்த வீட்டு மாமி காலண்டரில் ஜூலையைப் புரட்டியிருக்கிறார். அடியிலிருந்த ஆகஸ்ட் தாளில் தேவானையே வந்திருக்கிறாள். மாமிதான் குழுவுக்குப் போன் போட்டு, போட்டோ எடுத்தவர் எங்கே வேலை செய்கிறார் என்று விசாரித்துச் சொன்னாராம். கோபப்பட வந்திருக்கிறாள் என்றுதான் துரைராஜ் முதலில் நினைத்தார். கேட்காமல் எடுத்தது, பெயர் போடாதது, காலண்டரில் ஒரு பிரதிகூடக் கொடுக்காதது என்று மன்னிப்புக்கான வரிகளை மனதுக்குள் அடுக்கத் தொடங்கிவிட்டார். ஆனால் அவள் கேட்டது வேறு.

“இதுல தேதி கீதாண்ணா?”

அந்த நீலச் சுவர் அடையாற்றங்கரையில் ஓடக்காரன் தோட்டம் என்ற குடியிருப்பில் இருந்தது. இப்போது அங்கே சுவரும் இல்லை, தோட்டமும் இல்லை. நான்கு வருடத்துக்கு முன் எல்லா வீடுகளையும் எடுத்துவிட்டு, குடியிருந்தவர்களுக்கு ஊருக்கு வெளியே அடுக்குமாடியில் வீடு ஒதுக்கினார்கள். அந்தப் பட்டியலில் தேவானை பெயர் வரவில்லை. கணக்கெடுக்க வந்த அன்று அவள் வீடு பூட்டியிருந்தது. ரேஷன் கார்டும் ஆதாரும் நொச்சிக்குப்பத்தில் இருக்கும் மாமியார் வீட்டு விலாசத்தில் இருந்தன. புருஷன் செத்ததற்கான சான்றிதழில்கூட கார்டைப் பார்த்து அந்த விலாசத்தைத்தான் எழுதியிருந்தார்கள். அக்கம்பக்கத்தாரைச் சாட்சிக்கு அழைத்துப் போனால், எல்லோருக்கும் எல்லோரும் சாட்சி சொல்கிறார்கள் என்றார்கள். இப்போது விடுபட்டவர்களுக்குக் கடைசியாக ஒரு முகாம் நடத்தப்போகிறார்கள், இருபதாம் தேதி. 2019 ஜனவரிக்கு முன் அங்கே குடியிருந்ததற்கு ஓர் அத்தாட்சி வேண்டும். தேதி போட்ட போட்டோ இருந்தால் கொண்டுவரலாம் என்று வரிசையில் யாரோ சொன்னார்களாம். ஆற்றங்கரையில் அவளை யாரும் போட்டோ எடுத்ததில்லை, இந்த ஒருவரைத் தவிர.

மாமியார் வீட்டில் ஒரே அறை, ஏழு பேர். மகள் பூஜாவுக்குப் பதினொரு வயது முடியப்போகிறது. “பொண்ணு பெரிசாவப் போவுதுண்ணா. கதவு சாத்திக்கிற மாரி ஒரு ரூம்பு வோணும். அவ்ளோதான்” என்றாள்.

துரைராஜுக்கு நெஞ்சு லேசாகிவிட்டது. கேமரா ஒவ்வொரு படத்துக்குள்ளும் எடுத்த தேதியையும் நேரத்தையும் எழுதி வைக்கும், இருபதாம் தேதி செவ்வாய்க்கிழமை, தன் வார விடுமுறை, தானே வந்து காட்டுகிறேன் என்று சொன்னார். அந்தத் தாளில் தன் கைபேசி எண்ணையும் எழுதிக் கொடுத்தார். அவள் போன பிறகு, வேட்டிக்கரையை வாடிக்கையாளருக்கு விரித்துக் காட்டும்போதெல்லாம் தன்னையறியாமல் முகத்தில் சிரிப்பு வந்தது. இருபது வருடமாகத் துணி விற்கிறார். பதினொரு வருடமாகப் படம் எடுக்கிறார். ஒரு கல்யாணத்துக்குக்கூட எடுத்துக் கொடுத்ததில்லை, காசு வாங்கியதில்லை. எதற்காக இது என்று மனைவி மணிமொழி கேட்காத வாரம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை ஊரே விடுமுறையில் இருக்கும்போது ஜவுளிக்கடைக்காரனுக்கு வேலை. எல்லோரும் வேலைக்குப் போகும் செவ்வாய்க்கிழமை அவனுக்கு ஓய்வு. அந்தச் செவ்வாய்க் காலைகளில் ஆதம்பாக்கம் வீட்டிலிருந்து பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். கேமரா பழையது. வாங்கும்போதே ஒருவர் கை மாறியது. ஐம்பது எம்எம் லென்ஸ் ஒன்று, கழற்றினால் திரும்ப மாட்டக் கஷ்டப்படும் ஜூம் ஒன்று. சென்னைக் காற்றின் ஈரத்தில் லென்ஸுக்குள் பூஞ்சை படர்ந்துவிடும் என்று, கைப்பைப் பிரிவில் குப்பைக்குப் போகும் ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களைச் சேகரித்து வந்து, காற்றுப் புகாத முறுக்கு டப்பாவில் கேமராவோடு போட்டு வைத்திருந்தார். தீபாவளிக்கு முறுக்கு போட அந்த டப்பாவைக் கேட்டு மணிமொழி ஐந்து வருடமாகச் சண்டை போடுகிறாள்.

அன்று வீட்டுக்கு வந்து மடிக்கணினியைத் திறந்தபோதுதான் சிக்கல் புரிந்தது. அதில் இருந்தது காலண்டருக்கு அனுப்பிய படம் மட்டும். மென்பொருளில் ஓரங்களை வெட்டி, நிறம் திருத்திச் சேமித்த பிரதி. அதில் திருத்திய தேதிதான் இருந்தது, 2023. மடிக்கணினி வாங்கியபோது இடம் போதாதென்று, தேறிய படங்களை மட்டும் பழைய கம்ப்யூட்டரிலிருந்து மாற்றிக்கொண்டிருந்தார். தேறாதவற்றையும் மூலப் படங்களையும் யார் பார்க்கப்போகிறார்கள் என்று அப்படியே விட்டுவிட்டார். அந்தக் கம்ப்யூட்டர் பரணில் வாளிகளுக்குப் பின்னால் கிடந்தது. இறக்கித் துடைத்து மின்சாரம் கொடுத்ததும் உள்ளே விசிறி ஒருமுறை சுற்றியது, நின்றது. மறுபடி கொடுத்தார். சுற்றவேயில்லை.

“பாத்துக்கிடலாம்னு அந்தப் பொண்ணுகிட்ட சொல்லிட்டேன்” என்றார் மணிமொழியிடம். அவள் பழைய போர்வை ஒன்றைக் கொண்டுவந்தாள். பெட்டியை அதில் சுற்றி பைக்கின் பின்சீட்டில் கட்ட முடிச்சுப் போட்டுக் கொடுத்தாள்.

ராயப்பேட்டையில் லாரன்ஸின் கடை, பைக் நுழையாத ஒரு சந்தில் இருக்கிறது. பள்ளிக்கூடத்துக் கம்ப்யூட்டர்களைப் பழுது பார்ப்பதுதான் அவர் பிழைப்பு. அந்தப் பெட்டியை முதலில் விற்றவரும் அவர்தான். மறுநாள் காலை கடைக்குப் போகும் வழியில் துரைராஜ் அதைக் கொண்டுபோய் வைத்தபோது, இது இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று சிரித்தார். பிறகு ஹார்ட் டிஸ்க்கை மட்டும் கழற்றி, ஒரு கேபிளில் மாட்டி, காதோரம் வைத்துக் கேட்டார். சிரிப்பு நின்றுவிட்டது. உள்ளே நகம் கடிப்பதுபோல டிக் டிக்கென்று சத்தம்.

“இது போவப் போவுது துரை. ஒரு வாட்டிதான் ஓடும். இன்னா வோணுமோ அத்த மட்டும் எடுத்துக்கிறியா, மொத்தத்தையும் எடுக்கவா?”

ஒரு படம்தான் வேண்டும் என்று சொல்ல வாயெடுத்தவர், எந்தக் காரணமும் இல்லாமல், மொத்தத்தையும் எடுங்கள் என்றார்.

நாற்பத்தோராயிரம் படங்கள். பிரதியெடுக்க ஒரு பகலும் ஓர் இரவும் ஆயிற்று. ஆடிக்கூட்டத்தில் நின்றபடி துரைராஜ் மணிக்கொரு தரம் லாரன்ஸுக்குப் போன் செய்தார். ஒரு வாடிக்கையாளருக்கு எட்டு முழத்துக்குப் பதில் நாலு முழத்தை எடுத்துப் போட்டு, மேலாளரிடம் பேச்சு வாங்கினார். வெள்ளிக்கிழமை காலை போனபோது எல்லாம் புதிய டிஸ்க்குக்கு வந்திருந்தன. பழையது மேசை ஓரத்தில் சத்தமின்றிக் கிடந்தது. தேடி அந்தப் படத்தின் எண்ணைக் கண்டுபிடித்தார்கள். பக்கத்தில் தேதி தெரிந்தது: 2009 ஜனவரி 1, காலை 4.17.

துரைராஜ் தலையில் கைவைத்துக்கொண்டார். எப்படி மறந்தார்? அந்தக் கேமராவுக்குள் கடிகாரத்துக்கென்று இருந்த சின்ன பேட்டரி, வாங்கும்போதே செத்துப்போயிருந்தது. சார்ஜ் போட பெரிய பேட்டரியைக் கழற்றும் ஒவ்வொரு தடவையும் தேதி 2009 ஜனவரி ஒன்றுக்குப் போய்விடும். முதல் சில மாதங்கள் திருத்தினார். பிறகு யாருக்கு வேண்டும் தேதி என்று விட்டுவிட்டார். அந்த நாற்பத்தோராயிரத்தில் பாதிக்கு மேல் அந்தப் புத்தாண்டு விடிகாலையிலேயே எடுக்கப்பட்டவையாக இருந்தன.

லாரன்ஸ் விஷயத்தைக் கேட்டுவிட்டு, இதில் என்ன இருக்கிறது என்றார். தேதியை மாற்ற மென்பொருள் இருக்கிறது. இரண்டு நிமிட வேலை. படம் பொய்யில்லை, அந்தப் பெண் சொல்வதும் பொய்யில்லை. கடிகாரம்தான் பொய். பொய்யை நிஜமாக்குவதில் என்ன தப்பு?

துரைராஜ் சந்தைப் பார்த்தபடி யோசித்தார். யாராவது நோண்டிப் பார்த்து மாற்றியது தெரிந்தால், அவருக்கு ஒன்றும் ஆகாது. படம் எடுத்தவர் தன் வேலையைப் பார்க்கப் போய்விடுவார். தேவானை பெயருக்கு எதிரே மோசடி என்று எழுதிவிடுவார்கள். ஆனால் மாற்றாவிட்டால் கையில் ஒன்றுமே இல்லை. ஒரு கதவுதானே கேட்டாள்.

“மாத்திருங்க” என்றார்.

லாரன்ஸ் சரியான படம்தானா என்று பார்க்க அதைத் திரை நிறையத் திறந்தார்.

காலண்டரில் இல்லாத பாதி அங்கே இருந்தது. தாயும் மகளும் வலப்பக்கம் இருந்தார்கள். இடப்பக்கம், நீலச் சுவரில் மூன்றில் ஒரு பங்கை அடைத்துக்கொண்டு, கறுப்பு வெள்ளையில் ஒரு கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி. பசையின் ஈரம்கூடக் காயாத மாதிரி இருந்தது. மீசை வைத்த ஓர் இளைஞனின் முகம். தமிழ்மாறன். மறைவு: 9.6.2018. பதினாறாம் நாள் காரியம் 24.6.2018 ஞாயிற்றுக்கிழமை, ஓடக்காரன் தோட்டம் நான்காவது சந்து, 37ஆம் எண் இல்லத்தில் நடைபெறும். வருந்தும் மனைவி த. தேவானை, மகள் பூஜா. கீழே மூன்று சக்கர மீன்பாடி வண்டி ஓட்டும் நண்பர்கள் என்று எட்டுப் பெயர்கள். சுவரொட்டிக்கும் அவள் தோளுக்கும் நடுவில், கதவுச் சட்டத்தில் சுண்ணாம்பால் எழுதிய 37 தெளிவாகத் தெரிந்தது.

லாரன்ஸ் மெல்ல விசிலடித்தார். இதற்குமேல் என்ன தேதி வேண்டும் என்றார்.

துரைராஜ் திரைக்கு அருகில் குனிந்தார். அந்தப் படத்தைத் திருத்திய நாள் அவருக்கு நன்றாக நினைவிருந்தது. இடப்பக்கம் ஒரே எழுத்துக்கூட்டமாக இருக்கிறது, கண் சிதறுகிறது என்று வெட்டினார். வெட்டிய பிறகும் சுவரொட்டியின் விளிம்பு ஒரு விரல் அகலம் மிச்சமிருந்தது. அதை நீலத்தால் மூட ஒரு மாலைப்பொழுது முழுவதும் உட்கார்ந்தார். சுவரின் காரைகூட இயல்பாக வந்துவிட்டது என்று பெருமைப்பட்டார். குழுவில் காட்டியபோது, அந்தக் கண்களைப் பாருங்கள், எவ்வளவு தாய்மை என்றார்கள். அவரும் பார்த்தார். இப்போது பார்க்கும்போது அந்தக் கண்களில் இருந்தது வேறு என்னவோ.

“தேதிய மாத்த வேண்டாம். அப்படியே இருக்கட்டும்” என்றார்.

சனிக்கிழமை காலை, கடை திறக்கும் முன், படத்தை முழுதாகப் பெரிய அளவில் அச்சிட்டு எடுத்துக்கொண்டு நொச்சிக்குப்பத்துக்குப் போனார். வாரக்கடைசி என்பதால் சாலையோரம் மீன் வாங்கும் கூட்டம். தேவானை மாமியாருக்கு உதவியாக உட்கார்ந்து சங்கராவுக்குச் செதில் சீவிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் பூஜா பையில் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவர் உறையிலிருந்து படத்தை எடுத்ததும் தேவானை கையை நீட்டி, ஈரத்தைப் பார்த்து இழுத்துக்கொண்டாள். மகளைப் பிடிக்கச் சொல்லிவிட்டுக் குனிந்து பார்த்தாள்.

படத்தில் இருந்த தன்னை அவள் பார்க்கவேயில்லை.

“இவர எங்கண்ணா வச்சிருந்தே இவ்ளோ நாளு?” என்றாள்.

 கம்ப்யூட்டர், பரண், டிஸ்க் என்று துரைராஜ் எதையெல்லாமோ சொல்லித் தப்பியிருக்கலாம். “நான்தாம்மா வெட்டிட்டேன். படம் எடுப்பா இருக்கணும்னு. யாரு எவருன்னு படிச்சுக்கூடப் பாக்கல” என்றார்.

 வாடிக்கையாளர் ஒருவர் மீனை எடை போடச் சொன்னார். மாமியார் போட்டுக் கொடுத்தாள். தேவானை செதில் ஒட்டிய புறங்கையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டாள்.

“அன்னிக்கு நீ வந்து நின்னே பாரு, ஏன் ஒன்னியும் சொல்லாம வுட்டேன் தெரியுமா? அவரு போஸ்டர படம் புடிக்க யாரோ வந்துகீறாங்கன்னு நெனச்சேன். அவருக்காவத்தான் வந்துகீறாங்கன்னு. அதான் அப்பிடியே குந்திகினு இருந்தேன்.”

பூஜா படத்தில் அப்பாவின் பெயரை விரல் வைத்து எழுத்துக் கூட்டுவதுபோலப் படித்தாள். பிறகு தன் பெயரையும். அடுத்த வரியில் இருந்த எட்டு நண்பர்களின் பெயரையும் விடாமல் படித்தாள். தேவானை அதை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். துரைராஜ் கிளம்பும்போது, ஒரு பாலித்தீன் பையில் நான்கு சங்கராவைப் போட்டு, வேண்டாம் என்றதைக் காதில் வாங்காமல் பைக் கைப்பிடியில் மாட்டிவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை முகாம் ஓர் அரசு அலுவலக வளாகத்தில் நடந்தது. வேப்பமரத்தடியில் நூறு பேருக்குமேல் காத்திருந்தார்கள். எல்லோர் கையிலும் பிளாஸ்டிக் உறைகள். தேவானை முறை வந்தபோது பதினொன்றரை. மேசைக்குப் பின்னால் இருந்த பெண் அதிகாரி அச்சிட்ட படத்தைப் பார்த்துவிட்டு, மூலப் படம் இருக்கிறதா என்று கேட்டார். துரைராஜ் மடிக்கணினியைத் திறந்து காட்டினார். அவர் எதிர்பார்த்தபடியே அதிகாரியின் கண் முதலில் தேதிக்குப் போனது.

“2009ன்னு இருக்கே.”

துரைராஜ் கேமரா கடிகாரத்தின் கதையைச் சொன்னார். சொல்லும்போதே, சாக்குச் சொல்பவனின் குரல் மாதிரி இருக்கிறதே என்று அவருக்கே பட்டது. அதே நாளில் எடுத்த மற்ற படங்களையும் வரிசை எண்ணோடு காட்டினார். அதிகாரி அவற்றைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். ஒன்றில் தெருமுனை, ஒன்றில் ஆறு, ஒன்றில் யாருடைய முதுகோ.

“தேதிய மாத்திட்டு வந்திருக்கலாமே. தோணலையா?”

“தோணுச்சு மேடம்” என்றார்.

அதிகாரி நிமிர்ந்து அவரைப் பார்த்தார். பிறகு கணினியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு, சுவரொட்டியை அவரே பெரிதாக்கி, கதவு எண், காரியத் தேதி, மனைவி பெயர் என்று ஒவ்வொன்றாக மனுவில் இருந்ததோடு ஒப்பிட்டுப் பென்சிலால் டிக் போட்டார். எந்தக் கேமரா, எந்த நாள், ஏன் தேதி தவறாக இருக்கிறது என்பதையெல்லாம் எழுதி துரைராஜைக் கையெழுத்துப் போடச் சொன்னார். தான் மட்டும் முடிவு செய்ய முடியாது, ஆனால் ஏற்கலாம் என்று எழுதி மேலே அனுப்புவதாகவும், துணைப் பட்டியல் வர இரண்டு மாதம் ஆகலாம் என்றும் தேவானையிடம் சொன்னார். மனுவின்மேல் முத்திரை விழுந்தது. தேவானை அந்த ரசீதை வாங்கி, மடிக்காமல், இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள். போன நான்கு வருடத்தில் அவளை நாளைக்கு வா என்று சொல்லாத முதல் மேசை அது.

மரத்தடிக்கு வந்ததும், வரிசையில் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த ஒரு பெரியம்மா துரைராஜை மறித்தாள். அந்தப் பொட்டிக்குள் ஓடக்காரன் தோட்டம் மொத்தமும் இருக்கிறதா என்று கேட்டாள். மொத்தமும் இல்லை, மூன்று வருடம் அவ்வப்போது போய் எடுத்தது, ஐந்நூறு அறுநூறு படம் தேறும் என்றார் துரைராஜ். அவர் சொல்லி முடிப்பதற்குள் ஏழெட்டுப் பேர் சூழ்ந்துவிட்டார்கள். சிமெண்டுப் பெஞ்சில் உட்கார்ந்து கணினியை மடியில் திறந்தார். ஒவ்வொரு படமாகத் தள்ளினார். தெருவில் ஓடும் நாய்மேல் விழுந்த வெயிலுக்காக எடுத்தது, பட்டம் விடும் பையனுக்காக எடுத்தது, கோணல் என்று கழித்தது, இருட்டாகிவிட்டதென்று கழித்தது. யாரும் நாயையோ பட்டத்தையோ பார்க்கவில்லை.

“இந்தாண்ட தள்ளுண்ணா. இன்னும் ஓரமா.”

“அந்த பச்ச டிரம்மு எங்க வூட்டுது.”

“நம்பர் தெரியுதா பாரு. தொண்ணூத்தி ரெண்டா, தொண்ணூத்தி மூணா?”

அவர் ஓரங்களைப் பெரிதாக்கினார். அரைக் கதவுகள், பாதி ஜன்னல்கள், துணிக்கொடியின் நுனி, யாரோ ஒருத்தியின் தோள் மட்டும். உச்சி வெயில் இலைகளின் வழியாக இறங்கித் திரையில் விழுந்தது. எதுவும் தெரியாமல் வெறும் வெள்ளையாகப் பளபளத்தது. தேவானை ரசீதை ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு, முந்தானையை உதறி விரித்தாள். இந்தப் பக்கம் அவள் பிடித்தாள். அந்தப் பக்கம் பெரியம்மா நுனியைப் பிடித்துக்கொண்டாள். நிழலுக்குள் எல்லோரும் தலையை நுழைத்தார்கள். ஊதாச் சேலையின் நிறம் படிந்த திரையில், ஒரு வீட்டின் வாசல் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்து வந்தது.